தீபாவளிக்குக் குழந்தைகள் இல்லத்துக்குப் புதுத்துணி: பட்டியல் எடுப்பது முதல் கையில் சேர்ப்பது வரை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழந்தைகள் இல்லம் ஒன்றின் அலுவலக அறையைப் பார்த்தால் நிலைமை புரிந்துவிடும். துவைக்காத பழைய துணி மூட்டைகள் ஒரு மூலையில் கிடக்கும். ஒரே சைஸில் இருபது டீ-ஷர்ட் இன்னொரு மூலையில். மேஜை மேல் இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஆனால் பதினாலு வயதுப் பெண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சுடிதார் இருக்காது. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். கேட்டுவிட்டு வாங்காததுதான் பிரச்சினை.

முதன்முறையாக இதில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். முப்பது பிள்ளைகள் வரை உள்ள ஓர் இல்லத்துக்கு நாலைந்து நண்பர்கள் சேர்ந்து செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ், ரம்ஜான், பொங்கல் எதுவானாலும் முறை இதேதான்.

1. பத்து வாரம் முன்பே தொடங்குங்கள்

பலர் தீபாவளி போனஸ் வந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது கடையில் சைஸ் கிடைக்காது, தையல்காரர் ஆர்டர் எடுப்பதை நிறுத்தியிருப்பார், மாற்றிக் கொடுக்கக் கடைக்காரருக்கும் நேரம் இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்கள். வறுமையால் இல்லத்தில் விட்டிருப்பார்கள். பண்டிகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்தப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்கு முதல்நாள் துணியோடு போய் நின்றால் பாதிக் கட்டில் காலியாக இருக்கும்.

அதனால் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணி, பத்தாவது வாரத்தில் இல்லத்தை முடிவு செய்யுங்கள். எட்டாவது வாரத்துக்குள் பட்டியல் கையில் இருக்கட்டும். ஆறாவது வாரத்தோடு பணம் சேர்ப்பதை நிறுத்திவிட்டு அடுத்த இரண்டு வாரத்தில் வாங்கி முடியுங்கள். மூன்றாவது வாரத்தில் துணி இல்லத்துக்குப் போய், பத்து நாள் முன்பே மாற்றவேண்டியதெல்லாம் மாற்றி முடிந்திருக்க வேண்டும்.

2. இல்லம் பதிவு பெற்றதா என்று பாருங்கள்

18 வயதுக்கு உட்பட்ட, பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 41-ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அரசு நடத்தினாலும் தொண்டு நிறுவனம் நடத்தினாலும் இதே விதிதான். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டால் காட்டுவார்கள், அதில் காலாவதி தேதியைப் பாருங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தை மட்டும் காட்டினால் போதாது. அது வேறு, இது வேறு.

சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். எந்தெந்த இல்லம் பதிவில் இருக்கிறது, எதற்கு உதவி அதிகம் தேவை என்பது அவர்களுக்குத் தெரியும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நகரத்துக்குள், பெரிய சாலை ஓரத்தில் இருக்கும் இல்லங்களுக்குப் பண்டிகை நேரத்தில் நன்கொடை வந்து குவியும். பேருந்து இரண்டு மாறிப் போகவேண்டிய இல்லத்துக்கு ஒருவரும் போகமாட்டார்கள். அப்படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய அடையாளங்கள்: பிள்ளைகள் எண்ணிக்கையைச் சொல்ல மறுப்பது, பொருள் வேண்டாம் பணம் மட்டும் போதும் என்பது, அந்தப் பணத்தையும் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வது. நிறுவனத்தின் பெயரில் கணக்கு இல்லை என்றால் விலகிவிடுங்கள்.

“பிள்ளைகளைப் பார்க்க முடியாது, அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்” என்று சொல்லும் இல்லத்தைத் தப்பாக நினைக்காதீர்கள். வருகிறவர் போகிறவரையெல்லாம் பிள்ளைகளிடம் விடாத இல்லம்தான் நல்ல இல்லம்.

அரசு இல்லமாக இருந்தால் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் தேவைப்படும். யார் கொடுக்கிறீர்கள், என்ன பொருள், எத்தனை பிள்ளைகளுக்கு, எந்தத் தேதி, தொடர்பு எண். ஒரு பக்கம் போதும். ஆதார் நகலும் கேட்கலாம். மேலிடத்து அனுமதி வர இரண்டு வாரம்கூட ஆகும் என்று எதிர்பார்த்தே தேதி குறியுங்கள்.

3. அளவுப் பட்டியல்

இந்த வேலையில் பாதி இதுதான். இதைச் சரியாகச் செய்தால் மீதி தானாக நடக்கும்.

“ஆண் பிள்ளைகள் 14, பெண் பிள்ளைகள் 16, வயது 5 முதல் 17 வரை” என்று ஒரு வரியில் இல்லம் தரும் விவரத்தை வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். வயதை வைத்து அளவு சொல்ல முடியாது. ஊட்டமில்லாமல் வளர்ந்த பத்து வயதுப் பிள்ளை எட்டு வயது உடம்போடு இருக்கும். ரெடிமேட் துணியில் போட்டிருக்கும் 24, 26, 28 என்ற எண்களையும் நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் 28 இன்னொரு கம்பெனியின் 30-க்குச் சமமாக இருக்கும்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. பிள்ளையை அளக்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு இப்போது சரியாகப் பொருந்துகிற ஒரு சட்டையை அளந்தால் போதும். சட்டையைத் தரையில் விரித்து, பட்டனைப் போட்டு, சுருக்கமில்லாமல் நீவிவிடுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை இன்ச் டேப்பை வைத்துப் பாருங்கள். 14 இன்ச் வந்தால் சுற்றளவு 28. தோள்பட்டையிலிருந்து கீழ் ஓரம் வரை உயரம். பேன்ட்டுக்கு இடுப்புப் பட்டியின் அகலம் இரண்டு மடங்கு, வெளிப்பக்க நீளம். அவ்வளவுதான். இல்லத்து வார்டனே ஒரு மாலையில் முப்பது பேருக்கும் எடுத்துவிடலாம். வெளியாள் யாரும் பிள்ளைகளைத் தொட்டு அளக்கத் தேவையில்லை. கடைக்குப் போகும்போதும் இதே டேப்பை எடுத்துப் போய், துணியை மேஜையில் விரித்து அளந்து வாங்கலாம்.

வளர்கிற பிள்ளைகள் என்பதால் சுற்றளவில் 2 இன்ச், உயரத்தில் 1 இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கூட்டினால் தொளதொளவென்று தொங்கும். “அடுத்த வருஷமும் போட்டுக்கலாம்” என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம். வருஷத்துக்கு ஒரே ஒரு புதுத்துணி கிடைக்கிற பிள்ளைக்கு, அது பண்டிகையன்று பொருந்த வேண்டும்.

பட்டியலில் பெயர் எழுதாதீர்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெ-1, பெ-2, ஆண் பிள்ளைகளுக்கு ஆ-1, ஆ-2 என்று எண் போடுங்கள். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது இல்லத்தில் மட்டும் இருக்கட்டும். நீங்கள் அந்தத் தாளை வாட்ஸாப்பில் நாலு பேருக்கு அனுப்புவீர்கள், அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

எண்ணுக்கு எதிரே அளவுகளோடு இரண்டு விவரம் சேருங்கள். ஒன்று, என்ன மாதிரி உடை வேண்டும்: கவுனா, பாவாடை சட்டையா, சுடிதாரா, பேன்ட் சட்டையா, டீ-ஷர்ட்டா. இரண்டு, பிடித்த நிறம். பெரிய பிள்ளைகள் நிறம் சொல்லும்போது கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். அவர்களுடைய நாளில் அவர்களே தேர்ந்தெடுக்கும் விஷயங்கள் மிகக் குறைவு. கறுப்பு மட்டும் பண்டிகைக்கு ஆகாது என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு, யாராவது கறுப்பு கேட்டிருந்தால் வார்டனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செருப்பு வாங்குவதாக இருந்தால் ஒரு தாளில் பிள்ளையின் பாதத்தை வரைந்து, வெட்டி, எண் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் அந்தத் தாளைச் செருப்பின்மேல் வைத்துப் பார்த்தால் போதும்.

பள்ளிச் சீருடை வேண்டாம். சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே ஆண்டுக்கு நான்கு செட் கொடுக்கிறது.

4. பணக் கணக்கு

முப்பது பிள்ளைகள், தலைக்கு ₹1,000 என்று வைத்தால் ₹30,000. அதை இப்படிப் பிரிக்கலாம்: உடை 650, உள்ளாடை 130, இனிப்பும் காரமும் 100, பரிசுப் பொருள் 80, பையும் வண்டிச் செலவும் 40. இதற்குமேல் ₹3,000 கையிருப்பு. இந்தக் கையிருப்பில் நடுத்தர அளவில் மூன்று செட் உபரியாக வாங்கி வையுங்கள். பட்டியல் எடுத்த பிறகும் இல்லத்துக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். எல்லோரும் பிரித்துப் பார்க்கும்போது ஒரு பிள்ளை வெறும் கையோடு நிற்கக்கூடாது. சமையல்காரம்மாவின் பிள்ளை அங்கேயே வளர்ந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

650 என்பது சராசரி. ஆறு வயதுக்குள் 450, பன்னிரண்டு வரை 650, அதற்குமேல் 850 என்று பிரித்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் மட்டும் விலை வித்தியாசம் வேண்டாம். ஒருத்திக்கு ஜரிகை வைத்தது, பக்கத்துக் கட்டில்காரிக்குச் சாதாரணப் பருத்தி என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நண்பர்களிடம் பணம் சேர்க்கும் வாட்ஸாப் செய்தியில் முடிவுத் தேதியையும் ஆண்டையும் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தி மூன்று வருஷம் கழித்தும் உங்கள் எண்ணோடு சுற்றிக்கொண்டிருக்கும். தொகை எட்டியதும் நிறுத்திவிட்டு, வரவு செலவைக் கடை பில்லோடு அதே குழுவில் போட்டுவிடுங்கள்.

5. எங்கே, எப்படி வாங்குவது

பின்னலாடைக்குத் திருப்பூர், மற்ற ஜவுளிக்கு ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தை, சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, மதுரையில் விளக்குத்தூண் சுற்றுவட்டாரம். மொத்த விலை மலிவுதான், ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. மொத்தக் கடையில் ஒரு டிசைனை 20, 22, 24, 26, 28 என்று வரிசையாக ஒரு செட்டாகத்தான் தருவார்கள். “செட் உடைக்க மாட்டோம்” என்பார்கள். உங்கள் பட்டியலில் 26-இல் ஏழு பேர், 20-இல் ஒருவர்கூட இல்லை என்றால் மிச்சமாகும் துணியைச் சேர்த்துப் பார்க்கும்போது சில்லறை விலையே தேவலை என்று ஆகிவிடும்.

அதனால் முப்பது பேர் வரை உள்ளூர் ஜவுளிக்கடைதான் நல்லது. முதலாளியிடம் நேரடியாகப் பேசுங்கள். பட்டியலைக் காட்டி, இல்லத்துக்கு என்று சொன்னால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். விலைக் குறைப்பைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது மாற்றும் வசதி. தீபாவளிக் கூட்டம் தொடங்கியதும் பல கடைகளில் மாற்றித் தருவதை நிறுத்திவிடுவார்கள், தள்ளுபடித் துணியை என்றுமே மாற்ற மாட்டார்கள். “இத்தனாம் தேதிவரை அளவு மாற்றித் தரப்படும்” என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலைச்சீட்டை மட்டும் இப்போது பிய்க்க வேண்டாம், போட்டுப் பார்த்து முடிந்ததும் பிய்த்துவிடலாம்.

ஆடித் தள்ளுபடியில் வாங்கலாமா என்று கேட்பார்கள். துண்டு, போர்வை, உள்ளாடை வாங்கலாம். சட்டை துணிமணி வேண்டாம், மூன்று மாதத்தில் அளவு மாறிவிடும்.

கடையில் ஒவ்வொரு துணியிலும் நான்கு இடத்தைப் பாருங்கள். ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள், குழந்தைகள் துணியில் முதலில் போவது அதுதான். கவுனின் உள்பக்கம் லைனிங் இருக்கிறதா, வலைத்துணி நேரே தோலில் உரசுகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ஜிகினா ஒட்டியதா தைத்ததா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள், ஒட்டியது முதல் சலவையில் உதிரும். பாவாடையின் கீழே உள்மடிப்பு இரண்டு இன்சாவது இருக்கட்டும், அடுத்த வருஷம் பிரித்து நீட்டிக்கொள்ளலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் ₹2,500 வரை விலையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பில்லில் அதற்குமேல் போட்டிருந்தால் கேளுங்கள்.

6. உள்ளாடை, இனிப்பு, பரிசு

புதுச்சட்டை வாங்கித் தருகிறவர்கள் நூறு பேர், உள்ளாடை வாங்கித் தருகிறவர் ஒருவர். இல்லங்களில் எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது பனியன், ஜட்டி, ஷிம்மி, பெரிய பெண்களுக்கான உள்ளாடை, நாப்கின். தலைக்கு இரண்டு இரண்டாகப் புதிதாக வாங்குங்கள். வளரிளம் பெண்களின் அளவை வார்டனம்மாவிடமிருந்து உங்கள் குழுவில் உள்ள ஒரு பெண் வாங்கட்டும், தனி உறையில் போட்டு மூடிக் கொடுக்கட்டும். அந்தப் பட்டியலைப் பொதுப் பட்டியலோடு சேர்க்க வேண்டாம்.

இனிப்பு பாக்கெட்டில் அடைத்ததாக, தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அச்சிட்டதாக இருக்கட்டும். வீட்டில் சுட்ட முறுக்கு, அதிரசத்தைப் பல இல்லங்கள் ஏற்பதில்லை. யாருக்காவது வயிற்றுக் கோளாறு என்றால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பால் இனிப்பைத் தவிர்த்து மைசூர்பாகு, லட்டு, மிக்சர் என்று போகலாம்.

பரிசில் “எல்லோருக்கும் சேர்த்து ஒரு கேரம் போர்டு” என்பதைவிட ஆளுக்கொரு சின்னப் பொருள் நல்லது. கலர் பென்சில், ஸ்கிப்பிங் கயிறு, ஜியாமெட்ரி பாக்ஸ், ஹேர் பேண்ட், பூட்டிக்கொள்ள ஒரு சின்னப் பூட்டும் சாவியும். கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம். பொது அறையில் வளரும் பிள்ளைக்குத் தன் டிரங்குப் பெட்டியைத் தானே பூட்டிக்கொள்வது பெரிய விஷயம். பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், 2021 முதல் அது கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் பொத்தான் பேட்டரி போட்ட எதுவும் வேண்டாம்.

பட்டாசு கேட்டால் ஒழியக் கொண்டுபோகாதீர்கள். கேட்டாலும் மத்தாப்பு, புஸ்வாணத்தோடு நிறுத்திக்கொண்டு, பெரியவர்கள் மேற்பார்வையில் அரசு அனுமதித்த நேரத்தில் என்று பேசிவையுங்கள். பார்சலில் பட்டாசை அனுப்பவே கூடாது.

7. பிரித்துக் கட்டுவது

ஆளுக்கொரு துணிப்பை. உள்ளே உடை, உள்ளாடை உறை, பரிசு. வெளியே எண் எழுதிய சீட்டு. அந்த எண்ணைப் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே கட்டுங்கள், ஒருவர் படிக்க ஒருவர் போடட்டும். பெ-வரிசை தனி மூட்டை, ஆ-வரிசை தனி மூட்டை. அது ஐப்பசி மழைக்காலம், மூட்டையைக் கட்டுமுன் உள்ளே ஒரு பெரிய பாலிதீன் உறை போடுங்கள்.

வெளியூருக்குப் பார்சல் சர்வீஸில் போடுவதாக இருந்தால் மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பில் தொகை பெரிதாக இருந்தால், சரக்கை வண்டியில் அனுப்புவதற்கான ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லைக் கடைக்காரரே போடவேண்டும். தமிழ்நாட்டுக்குள் ₹1 லட்சம் வரை தேவையில்லை.

8. கொண்டுபோய்க் கொடுக்கும் நாள்

பள்ளி விட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த சனிக்கிழமை மாலை நல்ல நேரம். நான்கு பேருக்குமேல் போகவேண்டாம். பேனர், சால்வை, மேடைப் பேச்சு எதுவும் வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கும்பிட்டு வாங்கச் செய்வதைத் தயவுசெய்து தவிருங்கள். பையை வார்டன் மூலம் கொடுத்தால் போதும். பலர் அன்றிரவே போட்டுப் பார்ப்பார்கள், மறுநாள் காலையில் எது பொருந்தவில்லை என்று போனில் கேட்டுக்கொண்டு மாற்றும் வேலையைத் தொடங்குங்கள்.

போட்டோ விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. இல்லத்துப் பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும்படி எதையும் ஊடகத்தில் வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, ₹2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், பின்னாலுள்ள பெயர்ப் பலகையும் பள்ளிச் சீருடையும் காட்டிக் கொடுத்துவிடும். பணம் தந்த நண்பர்களுக்குக் காட்ட, எண் போட்டு அடுக்கிய பைகளைக் கட்டிய இடத்திலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா எங்கே என்று கேட்க வேண்டாம். போன் நம்பர் கொடுக்க வேண்டாம். “அடுத்த மாசம் வர்றேன்” என்று சொன்னால் அந்தப் பிள்ளை நாளை எண்ணும், வரமுடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள்.

9. ரசீது, வரி, வெளிநாட்டுப் பணம்

பொருள் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பொறுப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று அவர்களின் இருப்புப் பதிவேட்டுக்கு.

துணியாகக் கொடுத்ததற்கு 80ஜி எனப்படும், நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு கிடையாது. பணமாக, அதுவும் ₹2,000-க்கு மேல் என்றால் காசோலையிலோ வங்கி வழியாகவோ கொடுத்தால்தான் கிடைக்கும். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை.

சிங்கப்பூர், கனடா உறவினர் பணம் அனுப்புகிறேன் என்றால் முதலில் அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் தருவது உள்நாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு உள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்கலாம், அதற்கென்று உள்ள தனிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். அவர் வாங்கி அனுப்பும் துணிக்கும் இதே விதி. சின்ன இல்லத்தை இதில் மாட்டிவிடாதீர்கள்.

10. வீட்டில் இருக்கும் பழைய துணி

இதைப் பண்டிகையோடு கலக்காதீர்கள். தீபாவளிக்குப் புதுசுதான். பழையதைத் தனியாக, வேறொரு மாதத்தில், இல்லம் கேட்டால் மட்டும் கொடுங்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டன் வைத்து, எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் மாற்றி, வயது வாரியாகக் கட்டி. சாயம் போனது, அக்குள் கிழிந்தது, கறை பட்டது எதுவும் வேண்டாம். அவற்றை வாங்கித் தரம்பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுபோகும் கூஞ்ச் போன்ற அமைப்புகள் 1999 முதல் இயங்குகின்றன, அவர்களின் சேகரிப்பு மையத்தில் கொடுக்கலாம்.

11. இல்லத்துக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள்

இருளர் குடியிருப்பு, செங்கல் சூளை போன்ற இடங்களுக்குக் கொடுக்க நினைத்தால் வண்டியில் துணியைக் குவித்துக்கொண்டுபோய் இறங்காதீர்கள். தள்ளுமுள்ளு வரும், பலமுள்ளவர் கைக்குத்தான் போகும். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் அரசுப் பள்ளி ஆசிரியர் அல்லது அங்கன்வாடிப் பணியாளர் வழியாக, மேலே சொன்ன அதே எண் பட்டியலை எடுத்து, வீட்டுக்கு வீடு கொடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டியலில் இருக்க வேண்டும், பள்ளிக்குப் போகாத கைக்குழந்தை உட்பட.

சூளை என்றால் தீபாவளியை மறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் சூளை ஓடாது. குடும்பங்கள் மார்கழி, தை வாக்கில் வந்து ஆனி வரை இருக்கும். அங்கே போகவேண்டியது பிப்ரவரியில். வேண்டியது மெல்லிய பருத்திச் சட்டை, தொப்பி, ரப்பர் செருப்பு. சூடான மணலில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்குச் செருப்பின் அளவுத் தாளை முதலில் எடுங்கள், சட்டை அதற்கடுத்து.